மழைநீர் ஆற்றுக்கு வர எத்தனை காலம்? கணிக்கும் முறைகளுள் எதைத் தேர்வது

ஓர் ஏரியை நைட்ரேட்டிலிருந்து காப்பதற்காக அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உரத்தைக் குறைக்கச் சொல்லும் நிர்வாகம், அந்தக் குறைப்பின் பலன் எத்தனை ஆண்டுகளில் நீரில் தெரியும் என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் என்று அறிவித்துவிட்டு, பத்து ஆண்டுகள் கழிந்தும் ஓடையில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனால், திட்டம் தோற்றுவிட்டதாகவே உழவர்களும் வரி செலுத்துவோரும் முடிவு செய்வார்கள். திட்டத்தில் குறை ஏதும் இல்லாமல், பழைய நீர் இன்னும் வந்து தீரவில்லை என்பது மட்டுமே காரணமாக இருந்தாலும் அந்த முடிவை மாற்றுவது எளிதன்று. மழையாக விழுந்த நீர் மண்ணிலும் பாறையிலும் தங்கி, ஓடையில் வெளிப்படும்வரை ஆகும் காலத்தைக் கடப்பு நேரம் என்று சொல்லலாம். அதைக் கணிக்க இன்று நான்கைந்து முறைகள் வழக்கில் உள்ளன. ஒரே ஓடைக்கு அவற்றுள் ஒன்று சில மாதங்கள் என்றும் இன்னொன்று சில ஆண்டுகள் என்றும் விடை தரக்கூடும் என்பதால், முறையைத் தேர்வது ஆய்வகத்தின் வசதியைப் பொறுத்த சிறு விவரமன்று. கொள்கை முடிவின் பாதியை அதுவே நேரடியாகத் தீர்மானித்துவிடுகிறது.

நியூசிலாந்தின் வட தீவிலுள்ள ரோட்டோருவா ஏரியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 80 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியைச் சூழ்ந்திருப்பது எரிமலைப் படிவு நிலம். அது மழைநீரை எளிதில் உள்வாங்கி, ஆழத்தில் நெடுங்காலம் வைத்திருந்து, பெரிய ஊற்றுகளின் வழியே ஏரிக்கு விடுகிறது. அவற்றுள் மிகப் பெரிய ஹமுரானா ஊற்றின் நீருக்கு, ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான ட்ரிடியத்தைக் கொண்டு கணிக்கப்பட்ட சராசரி வயது நூறு ஆண்டுகளைத் தாண்டுகிறது. ஆகவே, சென்ற நூற்றாண்டில் நிலம் மேய்ச்சலுக்குத் திருத்தப்பட்டபோது மண்ணில் இறங்கத் தொடங்கிய நைட்ரஜனில் ஒரு பங்கு இன்னும் நிலத்தடியிலேயே இருக்கிறது. ஏரிக்குள் செல்லும் நைட்ரஜனை 2032ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 435 டன் என்ற அளவுக்குக் கொண்டுவர அங்கே விதி வகுக்கப்பட்டிருந்தாலும், நிலத்தில் இன்று செய்யப்படும் குறைப்பு முழுவதும் அதற்குள் நீரில் தெரிந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. 2006 முதல் உத்துஹினா ஓடையில் அலுமினியம் சல்பேட்டைக் கலந்து, பாசியை வளர்க்கும் மற்றொரு சத்தான பாஸ்பரசைக் கட்டிவைக்கும் இடைக்கால ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதும் இந்தத் தாமதத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. அங்கே நீரின் வயதை, ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்) பருவத்தோடு மாறுவதைக் கொண்ட பருவகால ஐசோடோப்பு முறையால் மட்டும் பார்த்திருந்தால் "ஐந்து ஆண்டுகளுக்கு மேல்" என்பதைத் தாண்டி எதுவும் தெரிந்திருக்காது.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வது

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். வெள்ளம் வந்து சேரும் நேரமும், நீர் வந்து சேரும் நேரமும் வேறு வேறு. தோட்டத்துக் குழாயில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருந்தால், திருகைத் திறந்த கணமே மறுமுனையில் நீர் கொட்டும். ஆனால் கொட்டுவது முன்பே உள்ளே இருந்த நீர். மலைச்சரிவிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. புதிய மழை தரும் அழுத்தம் மணிக்கணக்கில் பரவி, மண்ணில் மாதக்கணக்கில் தங்கியிருந்த நீரை ஓடைக்குள் தள்ளுகிறது. பல சிறு நீர்ப்பிடிப்புகளில் மழை நேரத்துப் பெருக்கில்கூடப் பாதிக்கு மேற்பட்டது பழைய நீர் என்று ஐசோடோப்பு ஆய்வுகள் காட்டியது நீரியலாளர்களை நெடுங்காலம் திகைக்கவைத்த செய்தி.

பாலத்துக்கோ மழைநீர் வடிகாலுக்கோ வடிவமைப்புச் செய்யும் பொறியாளருக்குத் தேவை அழுத்த அலையின் நேரம் மட்டுமே. அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சிறு வேளாண் நீர்ப்பிடிப்புகளின் அளவீடுகளிலிருந்து 1940இல் கிர்பிச் வகுத்த சூத்திரம் போன்றவை அதற்குப் போதும். ஓடையின் நீளம் 2 கிலோமீட்டர், சரிவு நூற்றுக்கு இரண்டு என்றால் அந்தச் சூத்திரம் அரை மணி நேரம் என்று சொல்லும். அதே ஓடையில் ஓடும் நீரின் சராசரி வயது மூன்று ஆண்டுகளாக இருக்கலாம். இரண்டு விடைகளும் சரியானவை, ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆற்றின் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்ட நஞ்சு கீழே போய்ச்சேரும் நேரம் மூன்றாவது வகை. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு எரிந்து, பூச்சிமருந்துகள் ரைன் ஆற்றில் கலந்த பிறகு, அந்த ஆற்றுக்கென ஓர் எச்சரிக்கைக் கணக்கீட்டு மாதிரி உருவாக்கப்பட்டது. சாயம் கலந்து நடத்திய சோதனைகளால் அது சரிசெய்யப்பட்டது. அங்கே கணக்கு நாட்களில். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நிறைவான கருவிகள் இருப்பதால் இக்கட்டுரை அவற்றை இத்துடன் விட்டுவிடுகிறது. கடினமானது, நிலத்துக்குள் நீர் கழிக்கும் காலத்தைக் கணிப்பதுதான்.

பருவகால ஐசோடோப்பு: மலிவானது, அதனாலேயே தவறாகப் பயன்படுவது

நீர் மூலக்கூறில் சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் ஆக்சிஜன்-18 இருப்பதும், சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருப்பதும் உண்டு. நடு அகலாங்குகளில் கோடை மழையில் இந்தக் கன ஐசோடோப்புகளின் பங்கு கூடுதலாகவும் குளிர்கால மழையில் குறைவாகவும் இருப்பதால், மழையின் ஐசோடோப்பு அளவு ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்கும் அலையாக அமைகிறது. நிலத்துக்குள் வெவ்வேறு மாதங்களின் நீர் கலப்பதால் ஓடையில் அதே அலை தணிந்து காணப்படும். எவ்வளவு தணிந்திருக்கிறது என்பதிலிருந்து நீர் எவ்வளவு காலம் தங்கியது என்று கணக்கிடலாம் என்பதே முறை. சில மில்லிலிட்டர் நீர், இறுக மூடிய கண்ணாடிக் குப்பி, லேசர் நிறமாலைக் கருவி ஆகியவை போதும். பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1960களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் மழைநீர் ஐசோடோப்பு வலையமைப்பின் தரவுகளும் துணைக்கு உண்டு. எளிமையும் மலிவும் சேர்ந்ததால், நூற்றுக்கணக்கான ஓடைகளுக்கு இந்த வழியில் "சராசரி கடப்பு நேரம்" கணக்கிடப்பட்டு அச்சேறியிருக்கிறது.

அந்த எண்களை நம்புவதில் இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, அளவீட்டின் எல்லை. மழையின் அலை வீச்சு ஆயிரத்துக்கு 4 என்று வைத்துக்கொண்டால், நன்றாகக் கலக்கும் நிலத்தடி நீரின் சராசரி வயது 5 ஆண்டுகள் ஆகும்போது ஓடையில் எஞ்சும் வீச்சு ஆயிரத்துக்கு 0.13 மட்டுமே. ஆக்சிஜன்-18க்கு நல்ல ஆய்வகத்தின் துல்லியமே ஏறத்தாழ 0.1 என்பதால், அதற்கு மேல் 6 ஆண்டும் 60 ஆண்டும் ஒரே தட்டையான கோடாகத்தான் தெரியும்.

இரண்டாவது தடை இதைவிட மோசமானது. எல்லைக்குள் இருக்கும்போதும் அது விடையைக் கெடுக்கிறது. ஒரு நீர்ப்பிடிப்பில் சமமான நீர் தரும் இரண்டு கிளைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் சராசரி வயது ஆண்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்து வாரங்களுக்குச் சற்று மேல். மற்றொன்றில் 10 ஆண்டுகள். இரண்டும் சேருமிடத்தில் உண்மையான சராசரி 5 ஆண்டுகளுக்குச் சற்று மேல். இப்போது சேர்ந்த ஓடையின் அலையை மட்டும் அளந்து வழக்கமான சூத்திரத்தில் போட்டால் கிடைப்பது ஏறத்தாழ 0.34 ஆண்டு, அதாவது நான்கே மாதங்கள். உண்மை அதைப்போல் பதினைந்து மடங்கு. இளைய கிளையின் அலை பெரிதாக இருந்து, கிழட்டுக் கிளையின் இருப்பையே மறைத்துவிடுவதுதான் காரணம். எந்த உண்மையான நீர்ப்பிடிப்பும் ஒரே சீரான மண்ணும் பாறையும் கொண்டதல்ல என்பதால், இது ஏட்டில் மட்டும் நிகழும் விபத்து அல்ல. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய நீரியலாளர் ஜேம்ஸ் கிர்ச்னர் 2016இல் இதை விரிவாக நிறுவிய பிறகும், பருவ அலையிலிருந்து நேரடியாகச் சராசரி வயதைச் சொல்லும் அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நைட்ரேட் பற்றிய முடிவுக்கு அத்தகைய எண் ஒன்றை யாரேனும் முன்வைத்தால், அதைத் திருப்பி அனுப்புவதே முறை என்பது என் கருத்து.

ஆனால் அதே தரவு வேறொரு கேள்விக்கு மிக நல்ல விடை தருகிறது. ஓடையின் அலை வீச்சை மழையின் அலை வீச்சால் வகுத்தால் கிடைக்கும் தகவு, ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களுக்கு உட்பட்ட வயதுடைய நீர் ஓடையில் எவ்வளவு பங்கு என்பதோடு மிக நெருங்கிப் பொருந்துகிறது. மேலே சொன்ன இரு கிளைகளையே எடுத்துக்கொண்டால், சேர்ந்த ஓடையில் வீச்சுத் தகவு 0.43, வயதுப் பரவலிலிருந்து நேரடியாகக் கணக்கிட்டால் 2.3 மாதத்துக்கு உட்பட்ட நீரின் பங்கு 0.44. சராசரியைக் கணிப்பதில் பதினைந்து மடங்கு தவறிய அதே அளவீடு இங்கே நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டளவே தவறுகிறது. இதைப் புதுநீர்ப் பங்கு என்று அழைக்கலாம். உலகின் 254 ஆறுகளுக்கு இவ்வாறு கணக்கிட்டு 2016இல் வெளியான ஆய்வு, ஆற்று நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூன்று மாதத்துக்கு உட்பட்டது என்றும், சரிவு மிகுந்த நீர்ப்பிடிப்புகளில் புதுநீர்ப் பங்கு கூடுதலாக இல்லாமல் குறைவாகவே இருக்கிறது என்றும் கண்டது. செங்குத்தான மலையில் நீர் விரைந்து ஓடிவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது எதிர்பாராத முடிவு; மலைப்பகுதிகளில் நீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழமாக இறங்குவது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

கிருமிகள், விரைவில் சிதையும் பூச்சிமருந்துகள், மழைக்கு முன்தினம் தெளிக்கப்பட்ட உரம் ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்படும் குடிநீர் அமைப்புக்கு வேண்டியது இந்தப் பங்குதான். மூன்று மாதத்துக்குள் வரும் நீர் எவ்வளவு என்று தெரிந்தால், அவர்களுக்குச் சராசரி வயது 4 ஆண்டா 40 ஆண்டா என்பது பெரிதாகத் தேவைப்படாது.

தென்னிந்திய நீர்ப்பிடிப்புகளில் இதைப் பயன்படுத்த நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முறை ஆண்டுக்கு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் கொண்ட, ஆண்டு முழுவதும் ஓரளவு பெய்யும் மழையை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கன ஐசோடோப்புகளின் பங்கு பொதுவாகக் குறைவு. இடையே மழையே இல்லாத வாரங்கள் நீள்கின்றன. மழையளவைக் கொண்டு எடையிடாமல் மாத மாதிரிகளுக்கு அலையைப் பொருத்தினால், வெறும் தூறலாகப் பெய்த பிப்ரவரிக்கும் கொட்டித்தீர்த்த நவம்பருக்கும் சம மதிப்புக் கிடைத்துவிடும். இரு பருவ மழைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நேரடியாகவே அடையாளமாகக் கொண்டு, வடகிழக்குப் பருவ நீர் ஓடையில் எத்தனை வாரம் நீடிக்கிறது என்று பின்தொடர்வது அங்கே கூடுதல் பொருத்தமாக இருக்கும். இந்தியாவில் பெயர்பெற்ற ஐசோடோப்பு ஆய்வகங்கள் அகமதாபாத்திலும் ரூர்க்கியிலும் இருப்பதால், பகுப்பாய்வைவிட முறையான மழைநீர்ச் சேகரிப்பே கடினமான பகுதி.

ட்ரிடியம்: நீண்ட காலத்தைக் காணும் கண்

ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பான ட்ரிடியத்தின் அரைவாழ்வுக் காலம் 12.32 ஆண்டுகள். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அண்டக் கதிர்களால் உருவாகி மழையோடு இறங்கும் இது, நீர் மூலக்கூறின் உறுப்பாகவே இருப்பதால், மண்ணில் ஒட்டிக்கொள்ளாமல் நீரோடு நகர்கிறது. மண்ணுக்குள் போன பிறகு புதிய ட்ரிடியம் சேராமல் இருப்பது சிதைந்துகொண்டே வருவதால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு வயதைச் சொல்லலாம். அளவு மிக நுண்ணியது: பத்தின் அடுக்கு பதினெட்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு ட்ரிடியம் அணு என்பதே ஓர் அலகு. நியூசிலாந்தின் மழையில் இன்று இருப்பது ஏறத்தாழ இரண்டு அலகுகள். அந்த மழை நன்றாகக் கலக்கும் நிலத்தடி நீரில் சராசரியாகப் பத்து ஆண்டுகள் தங்கினால் 1.28 அலகாகவும், ஐம்பது ஆண்டுகள் தங்கினால் 0.52 ஆகவும், நூறு ஆண்டுகள் தங்கினால் 0.30 ஆகவும் குறையும். இரண்டாம் தசம இடம்வரை அளக்கும் ஆய்வகம் கிடைத்தால் இவற்றை வேறுபடுத்தலாம். ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் போன்ற சிதையாத, நிலையான ஐசோடோப்பு கண்ணை மூடிக்கொள்ளும் ஐந்து ஆண்டு எல்லையில்தான் ட்ரிடியத்தின் வேலை தொடங்குகிறது.

முன்பு சொன்ன இரு கிளைகளின் ஓடையை ட்ரிடியத்தால் சோதித்தால், கிடைக்கும் சராசரி 4 ஆண்டுகள், உண்மை 5. நான்கு மாதம் என்ற விடையோடு ஒப்பிட்டால் இது கொள்கை வகுக்கத் தக்க துல்லியம். ஆனால் ட்ரிடியமும் இந்தக் குறையிலிருந்து முழுவதும் தப்பியதல்ல. கிளைகளின் வயது 1 ஆண்டும் 100 ஆண்டுமாக இருந்தால், உண்மைச் சராசரி ஐம்பதைத் தாண்டியிருக்க, ட்ரிடியம் 15 ஆண்டுக்கும் குறைவாகவே காட்டும். வயதான நீரில் ட்ரிடியம் ஏறத்தாழ தீர்ந்துவிடுவதால் அதன் குரல் கலவையில் அடங்கிப்போகிறது. இதற்கு மாற்று, ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரேயொரு நீர் மாதிரியை எடுப்பதை விட்டு, கிளை ஓடைகளிலும் ஊற்றுகளிலும் தனித்தனியே, மழையற்ற காலத்து அடிநீரோட்டத்தில் எடுப்பது. ரோட்டோருவாவில் ஊற்றுகளும் ஓடைகளும் தனித்தனியே அளக்கப்பட்டதால்தான் நூறு ஆண்டு நீரும் இளைய நீரும் பிரிந்து தெரிந்தன.

இந்த முறை எங்கே இருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் வட அரைக்கோளத்தின் மழையில் ட்ரிடியத்தை இயல்பைவிடப் பல நூறு மடங்காக உயர்த்தின. 1963இல் அது உச்சம் தொட்டது. அவ்வாண்டு வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானபின் அளவு குறைந்தது. அந்த உச்சம் அக்காலத்தில் நீரியலாளர்களுக்கு வாய்த்த அரிய அடையாளக் குறி. இன்றோ அதுவே தொல்லை: வட அரைக்கோளத்தில் குண்டுக்கால நீரில் எஞ்சிய ட்ரிடியமும் அண்மைக்கால மழையின் ட்ரிடியமும் ஒரே அளவாக வந்து, ஒரு மாதிரிக்கு இரண்டு மூன்று வயதுகள் பொருந்தும் நிலை ஏற்பட்டிருக்கிறது. தென் அரைக்கோளத்தில் அந்த உச்சம் மிகச் சிறியதாக இருந்து மறைந்துவிட்டதால், அங்கே ஒருமுறை எடுத்த நீர் மாதிரியே போதும். வடக்கில் உள்ளவர்கள் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுத்தாக வேண்டும். பழைய ஆய்வகக் குறிப்பேடுகளில் 1970களின் அளவீடு ஏதாவது கிடைத்தால் அது புதையல். வெப்பமண்டலக் கடலோரங்களில் கடல் ஆவி கலப்பதால் மழையிலேயே ட்ரிடியம் குறைவு. துல்லியம் மேலும் இறுகத் தேவைப்படும். அணுமின் நிலையங்கள் நீர் விடும் ஆறுகளில், நிலையத்துக்குக் கீழே இந்த முறையை நினைக்கவே வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, ட்ரிடியத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை மின்பகுப்பால் செறிவூட்டி, கதிர்வீச்சை நெடுநேரம் எண்ண வேண்டும். விடை வர மாதங்கள் ஆகலாம். ஒரு மாதிரிக்கு ஆகும் செலவு நிலையான ஐசோடோப்பைவிடப் பன்மடங்கு. ஆயினும் ஒன்றிரண்டு ஆண்டு வாரந்தோறும் எடுக்கும் நூறு குப்பிகளோடு ஒப்பிட்டால், நன்றாகத் தேர்ந்த பத்து ட்ரிடியம் மாதிரிகள் மொத்தத்தில் மலிவாகவே முடியும் என்பது பலர் கவனிக்காத கணக்கு.

நிலையான ஐசோடோப்பு தரும் வயதுகளும் ட்ரிடியம் தரும் வயதுகளும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஸ்டூவர்ட், மோர்கன்ஸ்டெர்ன், மெக்டோனல் ஆகியோர் 2010இல், நிலையான ஐசோடோப்புகள் வயதுப் பரவலின் நீண்ட வாலை வெட்டிவிடுகின்றன என்றும், அதனால் ஓடைநீர் பற்றிய நம் கருத்தே திரிந்திருக்கிறது என்றும் வாதிட்டார்கள். லக்சம்பர்க்கின் வையர்பாக் என்னும் சிறு காட்டு நீர்ப்பிடிப்பில் டியூட்டீரியத்தையும் ட்ரிடியத்தையும் ஒரே கணக்கீட்டுச் சட்டகத்துக்குள் வைத்து 2021இல் வெளியான ஆய்வு, இரண்டும் ஏறத்தாழ இணக்கமான விடைகளையே தருவதாகக் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, குற்றம் ஐசோடோப்பின் மேல் மட்டும் இல்லை, அலையைப் பொருத்தும் எளிய சூத்திரத்தின் மேலும் இருக்கிறது என்பது. வையர்பாக் போன்ற இளைய நீர்கொண்ட இடத்தில் கிடைத்த இணக்கம், ஹமுரானாவிலும் கிடைக்கும் என்று அதைக்கொண்டு முடிவு செய்ய முடியாது.

மற்ற வழிகள்

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்களும் சல்பர் ஹெக்சாபுளோரைடும் நிலத்தடி நீரின் வயதைச் சொல்லப் பயன்படுகின்றன. கிணற்றுக்கும் ஊற்றுக்கண்ணுக்கும் அவை பொருந்தும். திறந்த ஓடையில் நீர் காற்றோடு வாயுவைப் பரிமாறிக்கொண்டு தன் வரலாற்றை இழந்துவிடுவதால், ஓடைநீருக்கு அவற்றைத் தேர்வது வீண்செலவு.

கடலிலிருந்து காற்றோடு வரும் உப்பின் குளோரைடு, கடலுக்கு அருகிலுள்ள நீர்ப்பிடிப்புகளில் நல்ல அடையாளம். வேல்சில் செவெர்ன், வை ஆறுகள் பிறக்கும் பிளின்லிமோன் மலையில் 1980களிலிருந்து வாரந்தோறும் எடுக்கப்பட்ட மழை, ஓடை மாதிரிகளே இதற்குச் சான்று. மழையில் குளோரைடு தாறுமாறாக ஏறி இறங்க, ஓடையில் அது தணிந்து, ஆனால் எல்லாக் கால அளவுகளிலும் நீடிக்கும் நினைவோடு வெளிப்படுவதை 2000இல் கிர்ச்னர் குழுவினர் காட்டினர். நன்றாகக் கலக்கும் ஒற்றைத் தொட்டி என்ற கருத்துக்கு மாறாக, சிறு பங்கு நீர் மிக விரைவாகவும் மற்றொரு பங்கு மிக நீண்ட காலம் கழித்தும் வரும் பரவல் அது. குளோரைடுக்குப் பதில் ஒரு மாசு வந்தால் அதன் முதல் தடயம் உடனே தெரியும், கடைசித் தடயம் தீரவே தீராது என்பதுதான் நடைமுறைப் பொருள். இம்முறைக்கு வேண்டிய பத்து, இருபது ஆண்டுத் தொடர் பதிவு பெரும்பாலோரிடம் இருக்காது. உரத்திலும் சாலை உப்பிலும் கழிவுநீரிலும் குளோரைடு உள்ள ஊர்களில் பதிவு இருந்தாலும் பயனில்லை.

நீர்ப்பிடிப்பு நனைந்திருக்கும்போது இளைய நீரையும் வறண்டிருக்கும்போது பழைய நீரையும் விடுகிறது என்பதை உள்ளடக்கி, சேமிப்பிலிருந்து எந்த வயது நீர் எந்த அளவில் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று நேரத்தோடு மாறும் சார்புகளாக எழுதும் அணுகுமுறை, 2011இல் போட்டர், பெர்துட்சோ, ரினால்டோ ஆகியோரின் சமன்பாட்டுக்குப் பிறகு வேகமாக வளர்ந்தது. அறிவியல் நோக்கில் இருப்பவற்றுள் நேர்த்தியானது இதுவே. தொடர்ச்சியான மழை, ஓட்டம், ஆவியாதல், அடிக்கடி எடுத்த ஐசோடோப்பு ஆகிய அனைத்தும் இருக்கும் ஆய்வு நீர்ப்பிடிப்புக்கு இதைப் பரிந்துரைப்பேன். இரண்டு ஆண்டுத் தரவோடு வரும் ஒரு மாவட்ட நிர்வாகத்துக்கு இதைச் செய்து கொடுத்தால், தரவு தாங்காத நுட்பத்தை அழகிய வரைபடமாக மாற்றிக் கொடுத்ததாகவே முடியும்.

அளக்காமலேயே அண்டை நீர்ப்பிடிப்பின் எண்ணைக் கடன் வாங்குவதும் நடைமுறையில் ஒரு வழிதான். ஓரிகானின் மேற்குக் காஸ்கேட் மலையில் ஏழு நீர்ப்பிடிப்புகளை ஆராய்ந்தபோது கடப்பு நேரம் 0.8 முதல் 3.3 ஆண்டுகள்வரை மாறியது; பரப்பளவோடு அதற்குத் தொடர்பில்லை, சரிவின் நீளத்துக்கும் சாய்வுக்கும் உள்ள தகவோடு இருந்தது. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களிலோ மண் வகையே முதன்மைக் காரணமாக வெளிப்பட்டது. ஆகவே பரப்பளவை மட்டும் பார்த்துக் கடன் வாங்குவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. ஒரே பாறையும் மண்ணும் உள்ள அண்டைப் பகுதியிலிருந்து, முதல் மதிப்பீடு என்ற அளவில் மட்டும் வாங்கலாம்.

எதைத் தேர்வது

நைட்ரேட் குறைப்பின் பலன் எப்போது தெரியும் என்பதே கேள்வியானால், கையிலுள்ள பணத்தில் முதல் பங்கை அடிநீரோட்டக் கால ட்ரிடியத்துக்கு, கிளை ஓடைகளில் தனித்தனியே செலவிட வேண்டும் என்பதே என் முடிவு. கிடைக்கும் வயது ஓரிரு ஆண்டுக்குள் இருந்தால், இரண்டு ஆண்டு இரு வாரத்துக்கொரு முறை நிலையான ஐசோடோப்பு எடுப்பது அடுத்த படி. பத்தைத் தாண்டினால் அந்தச் செலவைத் தவிர்த்து, கிணறுகளின் நைட்ரேட்டைப் பார்ப்பது மேல். தென்கிழக்கு இங்கிலாந்தின் சுண்ணப்பாறை நிலங்களில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள பாறையில் நைட்ரேட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே இறங்குகிறது என்பதால், அத்தகைய இடத்தில் ஓடையை ஆயிரம் முறை அளந்தாலும் வரவிருப்பது அதில் தெரியாது. துளையிட்டுப் பாறைநீரைப் பிழிந்து பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி குடிநீரில் கிருமியோ பூச்சிமருந்தோ பற்றியதானால் புதுநீர்ப் பங்கே போதும், ட்ரிடியத்தை விட்டுவிடலாம். வறட்சியில் ஓடை எவ்வளவு காலம் தாங்கும் என்பது கேள்வியானால் சராசரி வயதும் ஓட்டமும் இரண்டும் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் அந்த ஓட்டத்துக்குப் பின்னால் நிலத்தடியில் உள்ள சேமிப்பின் அளவு கிடைக்கும். ஆனால் அந்தச் சேமிப்பு முழுவதும் ஓடைக்கு வடியக்கூடியது என்று பொருள் கொள்ளக் கூடாது. கடப்பு நேரத்தைத் தரும் நீரில் பெரும்பகுதி ஓடையின் மட்டத்துக்குக் கீழே நகராமல் கலப்புக்கு மட்டும் உதவும் நீராக இருக்கலாம்.

பகுப்பாய்வுக்கு இப்போது பணம் இல்லாத நிர்வாகம் மாதிரி எடுப்பதையும் சேர்த்துத் தள்ளிவைக்கத் தேவையில்லை. காற்றுப் புகாமல் நிரப்பி மூடிய கண்ணாடிக் குப்பியில் நிலையான ஐசோடோப்பு ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும். ட்ரிடியம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடு சிதைந்தாலும், எடுத்த நாள் குறிக்கப்பட்டிருந்தால் திருத்திக் கணக்கிடலாம். குப்பியின் மேல் நாள், இடம், அன்றைய ஓட்டத்தின் அளவு ஆகிய மூன்றையும் எழுதி, அதே மாதத்து மழைநீர்க் குப்பியையும் பக்கத்தில் வைத்துவிட்டால், பணம் வரும் ஆண்டில் வேலையைத் தொடங்க அது போதும்.